முறைப்போரும் விரைபோரும்

சென்ற ஆண்டு எம் கல்லூரி நாள் விழாவினையொட்டிக் கணினி விளையாட்டுப் போட்டியொன்று நடந்தது. துப்பாக்கிப் போர் ஒன்று, காற்பந்து ஒன்று, ஆக இரண்டிற்கே அதன்கண் இடம் அளிக்கப்பட்டது. ஜப்பானியர் இயற்றிய கதைவேட விளையாட்டுக்களுள் ஒன்றையும் சேர்த்தல் வேண்டுமென யாம் சிலர் விண்ணப்பித்தோம். அது கேட்ட விடுதித் தோழர் நகைத்தனர். "எதிரியை ஒருமுறை வெட்டிவிட்டு, அவன் திரும்ப வெட்டும் வரை கைகட்டி நிற்பதும் ஒரு போரோ? விரல் வன்மை இல்லாதார்க்கு ஏற்ற எளிய ஆட்டம் அது" என்றார் ஒருவர். மற்றொருவர் ஒருபடி மேற்சென்று, "ஆட்டத் தொடக்கத்திலேயே எளிதா, அரிதா என்று வினவி, எளிதைத் தேர்ந்துகொள்ளவும் விடும் விளையாட்டில் வெற்றி என்பது ஏது?" என்றார். விளக்கணைக்கும் மணி அடித்த பின்னரும் வாதம் ஓயவில்லை. அன்றிரவு எமக்குச் சொல்ல வாயெழாதவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவ்விளையாட்டுக்களை அறியாத ஆசிரியப் பெருமக்கள் பொருட்டு முதற்கண் சில கூறுதும். ஆடுவோன் கதைத் தலைவனின் வேடத்தைத் தான் பூண்டு, ஊர்தோறும் நாடுதோறும் சென்று, பகை வென்று, கதையை முடிவு வரை நடத்திச் செல்வதே இவற்றின் இயல்பு. அமெரிக்க நாட்டில் 1981-ஆம் ஆண்டு தோன்றிய 'விசார்ட்ரி', 'அல்டிமா' என்னும் இரண்டனையும் கண்டு வியந்த யூஜி ஹோரி என்பவர், அவற்றின் கடுமையைக் குறைத்து, நிண்டெண்டோ நிறுவனத்தாரின் ஃபேமிகாம் கருவிக்கு 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டை 1986-இல் ஆக்கினார். அடுத்த ஆண்டு ஹிரொனொபு சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேன்டஸி' வெளிவந்தது. பகைவன் எதிர்ப்பட்டவுடன் திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றும், தாக்கு, மந்திரம், பொருள், ஓட்டம் என்றிவற்றுள் ஒன்றை ஆடுவோன் தேர்வான், அது நிகழும், பின்னர்ப் பகைவன் தன் முறையைச் செய்வான். இதனையே யாம் முறைப்போர் என்கின்றோம். முறையின்றி இருதிறத்தாரும் ஒரே காலத்தில் தாக்க, விரலின் கடுமையாலும் கண்ணின் கூர்மையாலும் வெல்வது விரைபோர்.

முறைப்போர் தன் பிறந்தகத்திலேயே சிறிது சிறிதாக விரைபோராக மாறி வருவதும் உண்மை. 1991-இல் வந்த நான்காம் ஃபைனல் ஃபேன்டஸியில் ஹிரொயுகி இட்டோ என்பார் ஒரு புதுமை செய்தார். கார்ப்பந்தயத்தில் வண்டிகள் வெவ்வேறு விரைவில் ஒன்றையொன்று கடப்பதைக் கண்டு, வீரர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நாழிகை ஓடவும், நாழிகை நிறைந்தவன் முற்படவும் அமைத்தார். ஆடுவோன் எண்ணிக்கொண்டே இருப்பின் பகைவன் அடித்துவிடுவான். 2023-இல் வந்த பதினாறாம் பகுதியிலோ முறை என்பதே இல்லை, முழுதும் விரைபோர். இதனை வளர்ச்சி என்பர் எம் தோழர். யாம் அங்ஙனம் கருதவில்லை.

அவர்தம் முதற்குற்றச்சாட்டு, பகைவன் தன் முறைக்குக் காத்து நிற்பது இயற்கைக்கு மாறு என்பது. என்னே இவர் கூற்று! எம் சேலம், நாமக்கல் நாட்டுப்புறத்தில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தினை இவர் கண்டதில்லையோ? பதினெட்டாம் போர்க் கூத்தில் வீமன் வசனம் பேசி, பாட்டிசைத்து, அடவு வைத்துச் சுற்றி முடியும் வரை துரியோதனன் நின்று கேட்பான்; பின்னர் அவன் முறை வரும். பொழுது புலரும் வரை இங்ஙனம் மாறி மாறி நிகழும். கூடியிருக்கும் உழவரும் நெசவாளரும், 'ஏன் அவன் இடையில் அடிக்கவில்லை?' என்று கேட்டதுண்டோ? அவர் காண்பது அடியை அன்று; அடிக்குமுன் நிற்கும் நெஞ்சினை. இனி எம் பாடப்பகுதிக்கே வருவோம். தொல்காப்பியர் புறத்திணை வகுத்த முறை யாது? ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணசையால் மேற்செல்லல் வஞ்சி, மதில் வளைத்தல் உழிஞை, இருவேந்தரும் நேர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. ஒவ்வொன்றற்கும் ஒரு பூ. போர் வருமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியாளரும் அரண் சேர்க என அறிவித்துப் பின்னரே அம்பு விடுத்தவன் முதுகுடுமிப் பெருவழுதி என்று நெட்டிமையார் பாடுகின்றார். கம்பர் தம் யுத்த காண்டத்தில், படைக்கலம் இழந்து நின்ற இராவணனை இராமன் அன்று போகவிடுகின்றான். இவை நிகழ்ந்தனவோ அல்லவோ, அஃது ஆராய்ச்சியாளர் வழக்கு. போரை முறைப்படுத்திக் கண்டால்தான் அதன் உள்ளீடு புலனாகும் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே எமக்கு வேண்டுவது.

இரண்டாவது, முறைப்போர் எளிது என்பது. இதற்கு மறுமொழி எம்மூர்க் காவிரிப் படித்துறையிலேயே கிடக்கின்றது. அங்குக் கற்படியில் சுண்ணக்கட்டியால் முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் வரைந்து ஆடுபுலி ஆடுவர். இருபத்துமூன்று முனைகள், மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு ஒவ்வொன்றாக வைக்கப்படும்; புலி தாண்டிக் கொல்லும். ஆட்டிற்குக் கொல்லும் ஆற்றல் இல்லை. நெருங்கி நின்று புலியை அசையவொட்டாமல் அடைத்தலே அதன் வெற்றி. இவ்வாட்டத்தில் எவரும் எவரையும் விரைவுபடுத்துவதில்லை. எனினும் ஆட்டுப் பக்கம் அமர்ந்து, ஆறாவது ஆட்டை எம்முனையில் வைப்பது என்று ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதைக் கண்டவர் இதனை எளிது என்னார். இதற்கு உறவான நேபாள நாட்டுப் 'பாக்சால்' ஆட்டத்தில் நான்கு புலியும் இருபது ஆடும் உள. லிம் யூ ஜின், நீவர்கெல்ட் என்னும் அறிஞர் இருவர் அதனைக் கணினி கொண்டு ஆராய்ந்து, இருவரும் பிழையின்றி ஆடின் வெற்றி தோல்வி இன்றி முடியும் என்று காட்டினர். கொல்லும் விலங்கும் கொல்லாத விலங்கும் சரிநிகர் ஆகும்படி அமைத்தவன் எவனோ, அவன் டோக்கியோவில் இருந்திருப்பின் பெரும்பொருள் ஈட்டியிருப்பான்! சதுரங்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ? 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக வாகை சூடிய சென்னைக் குகேஷின் ஆட்டமும் முறைவைத்து ஆடுவதே. விரல் வன்மை இல்லாதான் ஆட்டம் என்று அவரிடம் சொல்லத் துணிவார் எவர்?

ஆயின், முறைப்போரின் அருமை எங்கே உளது? விளையாட்டொன்றின் உட்புகுந்து காட்டுதும். 2003-இல் அட்லஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஷின் மெகாமி டென்செய்' மூன்றாம் பகுதியாகிய 'நொக்டர்ன்' என்பதில் முறை என்பதே ஒரு செல்வம். அணியில் நால்வர் நின்றால் நான்கு முறை உண்டு. பகைவனுக்கு ஆகாத தீயையோ பனியையோ அறிந்து எறிந்தால், அச்செயலுக்கு அரைமுறையே செலவாகும். மிச்சம் கையில் நிற்கும். இலக்குத் தவறினாலோ இருமுறை கழியும். இருமுறை தவறின் நால்வர் பொழுதும் தீர்ந்தது. இனி, இவ்விளையாட்டின் விரிந்த பதிப்பில் மாட்டடோர் என்றொரு பகைவன் வருவான். எருதொடு பொரும் எசுப்பானிய வீரன் எலும்புருவில் வந்து நிற்பான். (எருதைத் தழுவி அடக்கும் எம்மவர் வீரத்திற்கும், துணிகாட்டி ஏய்த்துக் குத்தும் இவன் வீரத்திற்கும் உள்ள வேறுபாட்டை மற்றொருகால் எழுதுவோம்.) இவன் செந்துணியை ஒருமுறை அசைத்தவுடன் இவன்மேல் அடி படுதல் அரிது, அடி தவறத் தவற ஆடுவோன் முறைகள் உதிரும். படைவலியைப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. காற்றைத் தாங்கும் துணைவரைத் தேடிச் சேர்த்தல் வேண்டும். அவன் சுறுசுறுப்பைக் குறைக்கும் மந்திரத்தை முற்படக் கற்றிருத்தல் வேண்டும். அவனிடம் தோற்றவன் எல்லாம், தான் ஏன் தோற்றான் என்பதை உடனே அறிவான். இஃதொன்றே யாம் போற்றும் அருமை: தோல்வி தன் காரணத்தைத் தானே எடுத்துச் சொல்லுதல்.

இவ்வெலும்பு வீரனை யாம் அறிந்தது ஏட்டின் வாயிலாக அன்று. குமாரபாளையத்தில் எமக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் உளர், விசைத்தறித் தொழிலாளர். சில ஆண்டுகட்குமுன் தறியின் பற்சக்கரத்தில் சிக்கி அவர் வலக்கையில் இருவிரல் போயின. ஈரோட்டில் பழையதாக வாங்கிய பிளேஸ்டேஷன் ஒன்று அவர் வீட்டில் இருக்கின்றது. கால்பந்து விளையாட்டில் எம் பன்னிரண்டு வயதுத் தம்பியிடம் அவர் தோற்பார்; துப்பாக்கி விளையாட்டை நாடார். நொக்டர்ன் விளையாட்டின் புதுப்பதிப்பில் மாட்டடோருடன் அவர் பொருத காலத்து யாம் விடுமுறையில் ஊரில் இருந்தோம். பதினொரு நாள், இரவு ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, ஒருமணி நேரம் ஆடுவார், தோற்பார், உறங்குவார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, "அவன் என்னைய அடிக்கலடா தம்பி, என் முறையத்தான் திருடுறான்" என்றார். அன்றே எமக்கு அவர் வெல்வார் என்று தோன்றிற்று. பிறகு ஒரு தாளில் துணைவர் பெயர்களை எழுதி, எவர்க்கு எது ஆகாது என்று குறித்துக்கொண்டார். இடையிடையே திரையிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கேட்பார். அவர் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை பயின்றவர். இவ்விளையாட்டுக்கள் தமிழில் வருவதில்லை. ஆயினும் முறைப்போர் அவருக்காகக் காத்திருந்தது. அவர் சொல்லை எழுத்துக்கூட்டிப் பொருள் தேர்ந்து விடைகூறும் வரை எலும்பு வீரன் வாளை ஏந்தியபடியே நின்றான். இருவிரல் இன்மையும் ஆங்கிலம் இன்மையும் அவன் கணக்கில் வரவில்லை. அறிவு ஒன்றையே அவன் கேட்டான். பன்னிரண்டாம் நாள் வீழ்ந்தான்.

அவர்க்கே பதினாறாம் ஃபைனல் ஃபேன்டஸியைக் கொணர்ந்து கொடுத்தோம். விரைபோர் ஆற்றாதார்க்காக அதில் சில மோதிரங்கள் வைத்துள்ளனர். ஒன்றை அணிந்தால் பகைவன் அடி வரும்போது தலைவன் தானே விலகிக்கொள்வான். அண்ணன் அரைமணி ஆடி, கருவியைக் கீழே வைத்து, "மோதிரம் ஜெயிக்குது, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று நகைத்தார். இச்சொல் எம்மை நெடிது எண்ணுவித்தது. விரைபோரை எளிதாக்கப் புகின், ஆடுவோன் செய்ய வேண்டுவதைப் பொறியே செய்துவிடுகின்றது. முறைப்போரை எளிதாக்கின், பகைவன் வலி குறையும். தேர்தல் ஆடுவோனிடமே நிற்கும்.

இவ்வளவும் கூறியதால் முறைப்போரில் குற்றமே இல்லை என்று யாம் சாதிப்பதாகக் கொள்ளற்க. பல ஜப்பானிய விளையாட்டுக்களில், அடுத்த பகைவனை வெல்லும் வலி வரும்வரை, ஒரே காட்டைச் சுற்றிச் சுற்றி ஒரே சிற்றுயிரை நூறுமுறை கொல்ல வேண்டியுள்ளது. எம்மூரில் தறிக்குத் தார் சுற்றுவர். அது வேண்டிய வேலை. ஆயினும் தார் சுற்றுவதை நெசவு என்று எவரும் சொல்லார். முதல் டிராகன் குவெஸ்டில் பாதிப்பொழுது தார் சுற்றலே. அதனை அருமை என்பார் உளர். அது பொறுமையேயன்றி அருமை அன்று. மற்று, விரைபோரிலும் யாம் போற்றுவன உண்டு. ஹிடெடகா மியாசகி ஆக்கிய 'டார்க் சோல்ஸ்' (2011), 'எல்டன் ரிங்' (2022) என்பவை எளிது, அரிது என்னும் தேர்வையே தாரா, கடுமையிற் கடுமை. எனினும் அவற்றில் இறந்தவன், 'இவ்விடத்து யான் பேராசைப்பட்டு மூன்றாம் வெட்டு வீசினேன்' என்று தன் பிழையைத் தானே சொல்வான். அவ்வகையில் அவை மாட்டடோருக்கு உடன்பிறந்தவை. எம் அண்ணனால் அவற்றை ஆடவொண்ணாது என்பது ஒன்றே குறை. அக்குறையைச் சிறிதென்று எம்மால் தள்ளவும் ஒண்ணாது.

எம் தோழர் ஒருவர் மற்றொரு தடை எழுப்பினார், அதுவே வலிதானது. "முறைப்போரின் விடையை இணையத்தில் எவனோ எழுதி வைத்துள்ளான், அதைப் பார்த்து ஆடின் அருமை எங்கே? டார்க் சோல்ஸை ஆயிரம் பக்கம் படித்தாலும் விரல் பழகாமல் வெல்ல முடியுமோ?" என்றார். இதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. நோட்ஸ் படித்துத் தேர்வு எழுதுவாரும் எம் வகுப்பில் உளர். அதனாற் செய்யுள் எளிதாயிற்று என்று யாரும் கூறுவதில்லை என்று மட்டும் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. இருவகையையும் கலந்து பார்த்தாரும் உளர். பிரெஞ்சு நாட்டார் 2025-இல் வெளியிட்ட 'கிளேர் ஆப்ஸ்கியூர்' என்னும் விளையாட்டு, முறை வைத்தே பொரச் செய்து, பகைவன் முறையில் அவன் அடியைக் காலமறிந்து தட்டிவிடும் விரல் வேலையைச் சேர்த்தது. உலகெங்கும் அதனைப் பாராட்டினர். எம் அண்ணனைப் போல்வார்க்கு அப்பாதி வாயில் அடைபட்டதே என்பது எம் வருத்தம்.

இனி, எளிதைத் தேர்ந்துகொள்ளல் இழிவு என்னும் கூற்று. சாமுவேல் முதல் நூலின் பதினேழாம் அதிகாரத்தை எம் தோழர் எல்லாரும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பர். கோலியாத்தோடு பொரச் சென்ற தாவீதுக்குச் சவுல் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் அணிவித்தான். அவன் அவற்றோடு நடந்து பார்த்து, பழக்கமில்லை என்று களைந்துவிட்டு, ஆற்றில் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். இதனைக் கேட்டவுடன், 'கண்டீரா, எளியதை மறுத்தான்' என்பர் எம் தோழர். அன்று; தனக்குப் பழகியதைத் தேர்ந்தான். கவசம் மற்றொருவனுக்கு எளிது. அவனுக்கு அது சுமை. தேர்ந்தவன் தாவீதேயன்றிச் சவுல் அல்லன் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. வியப்பு யாதெனின், 2017-இல் வந்த பதினொன்றாம் டிராகன் குவெஸ்டில் ஆடுவோன் தனக்குத் தானே தளைகள் பூட்டிக்கொள்ளலாம். கவசம் அணியேன், கடையில் எதுவும் வாங்கேன், போரினின்றும் ஓடேன் என்று தொடக்கத்திலேயே உறுதி கூறிக்கொள்ளலாம். வேண்டாதார் வேண்டா. 1986-இல் தோன்றிய முதல் ஆட்டத்தில், இறந்தவனை அரசன் முன் மீண்டும் எழுப்பி, பொன்னில் பாதியை மட்டும் பறித்து, அவன் பெற்ற அனுபவத்தை விட்டுவைத்தவரும் அதே ஹோரிதான்.

எம்மூர்ப் படித்துறையிலும் இத்தேர்தல் உண்டு. சிறுவன் ஆட வந்தால் பெரியவர் புலிகளை அவனிடம் தள்ளி, ஆட்டைத் தாம் எடுத்துக்கொள்வர். கொல்லும் பக்கம் எளிது. பிழைக்கும் பக்கம் அரிது. இரண்டு மழைக்காலம் கழித்து அச்சிறுவனே, 'எனக்கு ஆடு' என்பான். அவன் முன்பு புலி ஆடினான் என்று அன்று எவரும் அவனை எள்ளுவதில்லை.

இவ்வாண்டு விழாக்குழுவினரிடம் யாம் மீண்டும் விண்ணப்பம் கொடுத்துள்ளோம். முறைப்போரில் போட்டி நடத்துவது எங்ஙனம் என்று கேட்டனர். ஒரே பகைவனை, ஒரே துணைவரைக் கொண்டு, எவர் குறைந்த முறைகளில் வெல்கின்றாரோ அவர்க்குப் பரிசு; கடிகாரம் வேண்டா; எளிது, அரிது என்னும் இருநிலைக்கும் வெவ்வேறு பட்டியல் என்று எழுதிக் கொடுத்தோம். அருகில் ஒரு பலகையில் ஆடுபுலிக் கோடு வரைந்து, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைப்பதாகவும் கூறியுள்ளோம். அதற்குச் செலவில்லை என்றவுடன் குழுவினர் முகம் மலர்ந்தது. மற்றதற்கு விடை இன்னும் வரவில்லை. அண்ணனோ இப்போது பதினொன்றாம் டிராகன் குவெஸ்டைக் கவசமின்றி ஆடத் தொடங்கியிருக்கின்றார். சென்ற கிழமை கேட்டபோது இரண்டாம் ஊரையே தாண்டவில்லை.